இணைப்பு அறுந்தாலும் சுடுநீர் நிற்கக் கூடாது

ரப்பர் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்குச் சுடுநீர் என்றால் விறகு அடுப்பும் மண்ணெண்ணெய்த் தகரமும்தான் நினைவுக்கு வரும். பிள்ளை பெற்றவளுக்கும், சளி பிடித்த குழந்தைக்கும், வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்தத் தகரத்தில்தான் தண்ணீர் காய்ந்தது. ஒரு வீட்டு அடுப்பு அணைந்தால் அந்த வீட்டுத் தண்ணீர்தான் ஆறும். பக்கத்து வீட்டு அடுப்பு அதன் போக்கில் எரியும்.

தோட்டத்தை விட்டு மலாக்கா பட்டணத்துக்கும் கிளேபாங் கடற்கரைப் பகுதிக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களின் குளியலறையில் இன்று மின்சாரச் சூடேற்றி தொங்குகிறது. அதுவும் தனி அடுப்பு மாதிரிதான். ஓர் அறையில் கெட்டால் அடுத்த அறையைப் பாதிக்காது. ஆனால் தங்கும் விடுதி, மாணவர் விடுதி, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே மூன்று, நான்கு சூடேற்றிகளை ஒரே குழாயில் சேர்த்து, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி கம்பியாலும் இணைத்து வைப்பது உண்டு. அந்தப் பேச்சு நின்றுபோனால் சுடுநீர் வருமா என்பதே இங்கு எழும் கேள்வி.

கூட்டாக வேலை செய்வது எப்படி?

இணைந்த சூடேற்றிகளில் ஒன்று தலைமைக் கருவியாக இருக்கும். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்து, எத்தனை கருவிகள் எரிய வேண்டும் என்று அது கட்டளையிடும். நடுப்பகலில் ஒருவர் மட்டும் குளித்தால் ஒரு கருவி போதும். காலை ஆறு மணிக்கு எல்லா அறைகளிலும் குழாய் திறந்தால் நான்கும் வேண்டும். ஒரே கருவி தேய்ந்து போகாமல் இருக்க, முதலில் எரியும் முறையையும் அது மாற்றி மாற்றிக் கொடுக்கும். இதனால் எரிபொருளும் மின்சாரமும் மிச்சமாகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டளைக்குக் காத்திருந்தே பழகிய கருவிக்கு, கட்டளை வராதபோது என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று வகை அறுபடல்

தொடர்பு அறுவது என்பது ஒரே வகையானதல்ல. முதலாவது, இணையம் போவது. கைபேசியில் வெப்பநிலையைப் பார்க்க முடியாது, மாற்றவும் முடியாது. ஆனாலும் சூடேற்றி பழைய அளவிலேயே தொடர்ந்து இயங்க வேண்டும். இணையம் போனதற்காகத் தண்ணீர் ஆறினால் அந்தக் கருவியின் அமைப்பிலேயே குறை இருக்கிறது.

இரண்டாவது, கருவிகளுக்கு இடையே உள்ள கம்பி கெடுவது. நம் நாட்டில் இதற்குக் காரணங்கள் நிறைய. மாலை நேர இடி மின்னல், எலிக்கடி, கடற்கரையோரமானால் உப்புக் காற்றில் அரிக்கும் இணைப்பு முனைகள் என்று பட்டியல் நீளும். இந்நிலையில் ஒவ்வொரு கருவியும், முன்கூட்டியே தனக்குள் பதிந்து வைத்த வெப்பநிலைக்குத் தானாகத் திரும்பி, தனி அடுப்பாக எரிய வேண்டும். சில வகைக் கருவிகள் இப்படிச் செய்யும். சில வகைகள் பிழைக் குறியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். வாங்கும் முன்னே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

மூன்றாவது, வெப்பத்தை அளக்கும் உணர்கருவியின் கம்பி அறுவது. இங்கே விதி நேர்மாறானது. தண்ணீர் எவ்வளவு சூடு என்று தெரியாத கருவி எரியவே கூடாது. அது உடனே நிற்க வேண்டும். ஆனால் அது மட்டும்தான் நிற்க வேண்டும். மற்றவை தொடர வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், கட்டளை வராவிட்டால் தொடரலாம். கண் தெரியாவிட்டால் நிற்க வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால்தான் ஆபத்து.

வெளியே தெரியாத கோளாறு

நான்கு சூடேற்றிகளில் இரண்டு மட்டும் 60 டிகிரியில் எரிகின்றன, மற்ற இரண்டும் நின்றுவிட்டன, ஆனால் அவற்றின் வால்வு மூடவில்லை என்று வைத்துக்கொள்வோம். 28 டிகிரி பச்சைத் தண்ணீர் அவற்றின் வழியே சம அளவில் புகுந்து கலக்கும். குழாயில் வருவது 44 டிகிரிதான். குளிர் நாடானால் உடனே புகார் வரும். நம் வெயிலுக்கு 44 டிகிரியே இதமாக இருக்கும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கோளாறு வாரக்கணக்கில் மறைந்து கிடக்கும்.

அதில் என்ன கெட்டுவிடும்? 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே கடுமையான நிமோனியா பரவி 29 பேர் மாண்டனர். காரணமான லெஜியோனெல்லா கிருமி 1977-இல் கண்டறியப்பட்டது. 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் பெருகும் இக்கிருமி, நீர்த்திவலையோடு மூச்சில் புகும். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதனால் ஆபத்து அதிகம். 60 டிகிரியில் சேமிப்பது அதைத் தடுக்கவே. அதே சமயம் 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். ஆகவே குழாய் வாயிலில் கலவை வால்வு பொருத்தி வெப்பத்தைக் குறைத்துக் கொடுப்பதே முறை.

அயல்நாட்டுப் பாடம்

2016 ஜனவரியில், குளிர்காலத்தின் நடுவே, அமெரிக்காவில் நெஸ்ட் என்னும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் மென்பொருள் கோளாறு ஏற்பட்டது. கருவியின் மின்கலம் தீர்ந்து பல வீடுகள் குளிரில் விறைத்தன. 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் நிறுவனத்தின் கணினிச் சேவை தடைப்பட்டபோது, இணையத்தின் வழி சூடாகும் மெத்தையில் படுத்திருந்தவர்களில் சிலரால் அதன் சூட்டைக் குறைக்க முடியவில்லை. அதன் பிறகுதான் இணையமின்றியே கைபேசியால் இயக்கும் வழி அந்த மெத்தைக்குத் தரப்பட்டது. முதலிலேயே இருந்திருக்க வேண்டிய வழி அது.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, ஒவ்வொரு சூடேற்றியிலும் தனி வெப்பநிலையைப் பதிந்து வையுங்கள். இரண்டாவதாக, மின்சாரக் கருவிகளானால் தனித்து இயங்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் எரியாதபடி சில நிமிட இடைவெளி கொடுங்கள். 3 கிலோவாட் கருவிகள் நான்கு சேர்ந்தால் 12 கிலோவாட். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 52 ஆம்பியர். கூடவே குளிர்சாதனமும் ஓடினால் சாதாரண ஒருமுனை இணைப்பில் தலைமை சுவிட்ச் விழுந்துவிடும். பிறகு சுடுநீரும் இல்லை, விளக்கும் இல்லை.

மூன்றாவதாக, கட்டுப்பாட்டுக் கம்பியை மின்கம்பியோடு ஒட்டி இழுக்காமல், மின்னல் தடுப்பானோடு அமையுங்கள். நான்காவதாக, கைபேசிச் செயலியும் அதன் ரகசிய எண்ணும் பொருத்தியவரிடம் மட்டும் இருக்க விடாதீர்கள். ஐந்தாவதாக, கசிவு மின்தடுப்பான், அதிவெப்பத் தடுப்பான், அழுத்தம் வெளியேற்றும் வால்வு ஆகியவை எந்தக் கட்டளைக்கும் காத்திராமல் தாமாகவே வேலை செய்ய வேண்டும். குளியலறை போன்ற ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறையிலேயே உண்டு.

இவை எல்லாம் சரிதானா என்று அறிய ஒரே வழி சோதனைதான். உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து, கூட்டமில்லாத ஒரு நாளில் இணைப்புக் கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள். கடைசி அறைக் குழாயில் வெப்பமானியைப் பிடியுங்கள். 100 லிட்டர் தொட்டித் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற, 3 கிலோவாட் கருவிக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். விடியற்காலையில் கோளாறைக் கண்டுபிடித்தால், முதியோர் இல்லத்துப் பாட்டி குளிக்கும் நேரத்துக்குள் தண்ணீர் சூடாகாது.

அலோர் காஜா பக்கம் காடேக்கில் நிலத்தடியிலிருந்து வெந்நீர் ஊறுகிறது. அதற்குக் கம்பியும் வேண்டாம், கட்டளையும் வேண்டாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லயத்து அடுப்புகள் அக்கம் பக்கமாக இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் நெருப்பில்தான் எரிந்தது. சூடேற்றிகளையும் அப்படியே அமைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.