எந்தப் பழம் வேணும்?

வண்ணார்பேட்டைப் பழக்கடையில் வெறுமனே "வாழைப்பழம்" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தப் பழம் வேணும்?" என்று திருப்பிக் கேட்பார் கடைக்காரர். ஏத்தன், கதலி, ரசகதலி, செவ்வாழை, கற்பூரவள்ளி என்று வரிசையாகத் தார்கள் தொங்கும்போது பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எப்படி?

இத்தனை பேருக்கும் பூர்வீகம் இரண்டே காட்டு வாழைகள்: மியூசா அக்யூமினேட்டா, மியூசா பால்பிசியானா. செவ்வாழை முழுக்க முதலாவதன் வாரிசு. ரசகதலியில் அதன் பங்கு இரண்டு, மற்றதன் பங்கு ஒன்று. கற்பூரவள்ளியில் அது தலைகீழ். இப்படி மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் சேர்ந்தால் விதை உருவாவது தடுமாறிப்போகும். ஆனாலும் கற்பூரவள்ளியில் எப்போதாவது மிளகு போன்ற கறுப்பு விதையொன்று பல்லில் கடிபடும். மகரந்தம் எங்கிருந்தோ வந்து சேர்ந்ததற்கு அதுவே சாட்சி.

களக்காட்டுப் பக்கம் ஏத்தன் தோப்புகளுக்குள் நடந்தால் இன்னொரு வேடிக்கை. நாம் மரம் என்று சொல்வது மரமே இல்லை. இலையுறைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்கும் தூண். உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. அதனால்தான் தார் தள்ளியதும் கம்பு வைத்து முட்டுக் கொடுக்கிறார்கள். ஆடிக் காற்றுக்கு முட்டில்லாத வாழை நிற்காது. அந்தியில் பூமடல் விரிந்ததும் தேனுக்கு வௌவால் வரும். பகலில் தேன்சிட்டின் முறை.

வெட்டும் பக்குவத்தைக் காயே சொல்லும். இளங்காயில் விளிம்புகள் கூர்மையாகத் தெரியும். சதை நிரம்ப நிரம்ப அவை மழுங்கி, காய் உருண்டு திரளும். தார் முழுக்கப் பழுக்கும்வரை மரத்தில் விட்டுவைப்பதில்லை. வெட்டிய பிறகும் வாழை பழுக்கும். காயே வெளியிடும் எத்திலீன் வாயுதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. காயைப் பழுக்கவைக்கப் போட்ட பழைய புகைமூட்டத்திலும் வேலை செய்தது அதே வாயுதான். பழுக்கவைக்கக் கார்பைடு கல் வைப்பது சட்டப்படி குற்றம். அந்தப் பழத்தில் தோல் மஞ்சளாகும், ருசி வராது.

ருசி என்றால் என் ஓட்டு ரசகதலிக்கு, அதற்குள் சில நேரம் கல் போலக் கட்டி விழுந்தாலும். வாடல் நோய்க்கு எளிதில் பலியாவதும் இதே ரகம்தான் என்பது வருத்தம்.

ஏத்தனை மட்டும் பளிச்சென்ற மஞ்சளில் வாங்காதீர்கள். தோல் கறுத்து, தொட்டால் நெகிழும் பழத்தைக் கேளுங்கள். இனிப்பு அதில்தான் இருக்கிறது, விலையும் கொஞ்சம் குறையும்.