அடுப்பை அணைத்த பிறகும் வேகும் சோறு



நடுக்கடலில் சோறு எப்படிப் பொங்குவாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? தூத்தூர் பக்கத்துப் போட்டுகள் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப இருபது, முப்பது நாள்கூட ஆகும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மூணு வேளைச் சாப்பாடு. கேஸ் தீர்ந்தால் வாங்க அங்கே கடை கிடையாது. எங்க அப்பா போன போட்டில் ஒரு தடவை அப்படித் தீர்ந்துபோய், கடைசி ரெண்டு நாள் அவலும் பிஸ்கட்டும்தான். ஐஸ் அறை நிறைய மீன் இருக்கு, பொரிக்கத் தீ இல்லை!

இதுக்கு ஒரு வழி இருக்கு. 1 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 70 கிலோ கலோரி போதும். அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க 540 கிலோ கலோரி வேணும். கொதி வந்த பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் பானைத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அந்த கேஸ் எல்லாம் ஆவியாகத்தான் போகுது. அரிசிக்குத் தேவை கொதி இல்லை, சூடு. 80 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் இருந்தாலே வெந்துவிடும்.

அதனால் கொதித்த பானையைச் சூடு வெளியே போகாத பெட்டிக்குள் மூடி வைத்தால் போதும். பக்கத்துக் கேரளாவில் சாஸ்திர சாகித்ய பரிஷத் இதைச் ‘சூடாறாப்பெட்டி’ என்று வீடு வீடாகப் பரப்பியது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் இங்கிலாந்தில் வைக்கோல் அடைத்த பெட்டியில் இப்படிச் சமைத்தார்கள். இப்போ கடையில் தெர்மல் குக்கராகவே கிடைக்குது.

நம்ம ஊரில்தான் மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டிக்குப் பஞ்சமில்லையே! ஐஸ் உருகாமல் காக்கிற பெட்டி சூட்டையும் காக்கும். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருந்தபோது செய்து பார்த்தோம். முதல் நாள் பானையை நேரா உள்ளே வச்சிட்டேன். தெர்மாகோல் உருகி அடியில் குழி விழுந்துருச்சு. அம்மாகிட்ட திட்டு வேற. அடுத்த நாள் அடியில் மரப்பலகை, சுற்றிலும் சாக்கு, பழைய கம்பளி. சம்பா அரிசியைப் பத்து நிமிஷம் நல்லாக் கொதிக்க வைத்து உள்ளே இறக்கினோம். ஒன்றரை மணி நேரம் கழிச்சுத் திறந்தால் சோறு வெந்திருந்தது! வடிக்கும்போது கை வைக்க முடியாத சூடு. வழக்கமா எங்க வீட்டில் இந்த அரிசிக்கு முக்கால் மணி நேரம் அடுப்பு எரியும்.

கவனிக்க வேண்டியது: பானை முக்கால்வாசிக்கு மேல் நிறைஞ்சிருக்கணும், கொஞ்சமா வைத்தால் சீக்கிரம் ஆறிப்போகும். நடுவில் திறந்து பார்க்கக்கூடாது (என் தம்பி மூணு தடவை திறந்தான்). கொண்டைக்கடலையை ஊறவைத்து, இன்னும் அதிக நேரம் கொதிக்க வைக்கணும். சூடு 60 டிகிரிக்குக் கீழே போனால் கிருமி வளர ஆரம்பிக்கும், அதனால் ராத்திரி முழுக்க விட்டுடாதீங்க. மீன் குழம்புக்குப் பெட்டியே வேண்டாம், மீன் அடுப்பிலேயே சட்டுனு வெந்துடும்.

கேஸ் மட்டும் இல்லை. போன வருஷம் அலையில் போட்டு ஆடி, கொதிக்கிற கஞ்சி எங்க சித்தப்பா காலில் கொட்டியது. ஒரு மாசம் கடலுக்குப் போகவில்லை. பெட்டி இருந்தால் பத்து நிமிஷம்தான் அடுப்புப் பக்கத்தில் நிற்கணும். மற்ற நேரம் பானை மூலையில் கயிறு கட்டின பெட்டிக்குள்ளே.

ஆகஸ்டில் அப்பா போட்டு ஏறும்போது எங்க பெட்டியும் கூடப் போச்சு. மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிசா எழுதி விட்டிருக்கேன்: “இதில் மீன் வைக்காதீங்க.”

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்