ஹாசே–தாகே

ஹாசே–தாகே என்பது சுவீடன் நாட்டின் நகைச்சுவை இரட்டையரான ஹான்ஸ் ஆல்பிரெட்சன் (சூன் 28, 1931 – செப்டம்பர் 10, 2017), தாகே டானியெல்சன் (பெப்ரவரி 5, 1928 – அக்டோபர் 13, 1985) ஆகிய இருவரையும் சேர்த்துக் குறிக்கும் பெயராகும். ஹாசே என்பது ஹான்ஸ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். 1960களின் தொடக்கம் முதல் தாகே மறையும் வரை, இவர்கள் வானொலி, மேடை, தொலைக்காட்சி, திரைப்படம் ஆகிய துறைகளில் இணைந்து பணியாற்றினர். எழுதுதல், நடித்தல், இயக்குதல் என அனைத்தையும் தாமே செய்தனர். யாரையும் இழிவுபடுத்தாத மென்மையான நகைச்சுவையைக் கொண்டே, சுற்றுச்சூழல், அணுவாற்றல், செல்வ ஏற்றத்தாழ்வு முதலிய கடினமான பொருள்களைப் பொதுமக்கள் முன் வைத்தமை இவர்களின் தனிச்சிறப்பாகும்.

பின்னணி

சுவீடிய நகைச்சுவை மரபில் "ரெவ்யூ" எனப்படும் மேடை வடிவம் முதன்மையானது. இது ஒரே கதையைக் கொண்ட நாடகம் அன்று. சிறு காட்சிகள், பாடல்கள், தனியுரைகள் ஆகியவற்றின் தொகுப்பாகும். அன்றாட அரசியலை நையாண்டி செய்வதற்கு இவ்வடிவம் ஏற்றதாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரெவ்யூ கலைஞர் கார்ல் ஜெரார்ட் (1891–1964) நாட்சிகளைச் சாடி 1940 இல் பாடிய பாடல், செருமானியத் தூதரகத்தின் எதிர்ப்பை அடுத்துத் தடை செய்யப்பட்டது. போருக்குப் பின்னர் போவெல் ராமெல் (1922–2007) சொல் விளையாட்டும் இசையும் கலந்த, பொருளற்றது போலத் தோன்றும் நகைச்சுவையை வளர்த்தார். ஜெரார்டின் அரசியல் துணிவு, ராமெலின் சொல் விளையாட்டு ஆகிய இரண்டையும் ஹாசே–தாகேயின் படைப்புகளில் ஒருசேரக் காணலாம்.

இணைந்து பணியாற்றல்

தாகே லின்சோப்பிங் நகரில் பிறந்து உப்சாலா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஹாசே மால்மோ நகரில் பிறந்து லுண்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இருவரும் 1950களில் சுவீடிய வானொலியில் சந்தித்தனர். தாகே அங்கு கேளிக்கைப் பிரிவின் தலைவராகவும் பணியாற்றினார். பின்னர் இருவரும் "ஸ்வென்ஸ்கா உர்ட்" (பொருள்: சுவீடியச் சொற்கள்) என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினர். தமது ரெவ்யூக்களையும் திரைப்படங்களையும் இந்நிறுவனத்தின் வழியாகவே உருவாக்கினர்.

இருவரின் இயல்புகளும் வேறுபட்டவை. தாகே சொற்களை எண்ணி எழுதுபவர். அமைதியான குரலில், புன்னகை மாறாமல் பேசுபவர். ஹாசே கண நேரத்தில் வேறொரு மனிதராக மாறக்கூடிய நடிகர். இவ்வேறுபாடே அவர்களது கூட்டு முயற்சியின் வலிமை எனலாம். பாடகி மோனிகா செட்டர்லுண்ட் (1937–2005), நடிகர் யோஸ்தா ஏக்மன் (1939–2017), நடிகை லேனா நீமன் (1944–2011) முதலியோர் இவர்களுடன் பல படைப்புகளில் பங்கேற்றனர்.

ரெவ்யூக்கள்

1962 இல் இசுட்டாக்கோமிலுள்ள "குரோனா லுண்ட்" என்ற கேளிக்கைப் பூங்காவில் இவர்களது "குரோனா ஹுண்ட்" அரங்கேறியது. பூங்காவின் பெயருக்குப் பச்சைத் தோப்பு என்பது பொருள். ஒரே ஓர் எழுத்தை மாற்றியதும் அது பச்சை நாய் ஆகிவிட்டது. 1964 இல் "குலா ஹுண்ட்" (மஞ்சள் நாய்) வந்தது. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் மேலும் பல ரெவ்யூக்கள் தொடர்ந்தன.

இவற்றில் இடம்பெற்ற "லிண்டெமான்" காட்சிகள் மிகவும் புகழ் பெற்றவை. இக்காட்சியில் ஹாசே பேட்டி கொடுப்பவராகத் தோன்றுவார். அவர் பெயர் எப்போதும் லிண்டெமான். ஆனால் ஒவ்வொரு முறையும் தொழில், வட்டார வழக்கு, குணம் ஆகியவை மாறும். அந்நாளைய செய்தியொன்றைப் பற்றிக் கேள்விகள் கேட்கப்படும். எழுதி வைத்த உரையாடல் எதுவுமின்றி ஹாசே அந்த இடத்திலேயே விடை சொல்ல வேண்டும். பிந்திய ரெவ்யூக்களில் பேட்டி காண்பவராகத் தாகே அமர்ந்தார். சில வேளைகளில் அவரே சிரிப்பை அடக்க இயலாமல் திணறியதைப் பதிவுகளில் கேட்கலாம். லிண்டெமான் எந்தச் செய்தியிலும் தலைவர் அல்லர். அச்செய்தியால் பாதிக்கப்பட்ட அல்லது அதில் தற்செயலாக மாட்டிக்கொண்ட ஒரு சாதாரண மனிதர்.

திரைப்படங்கள்

1965 இல் வெளியான "அத் ஆங்யோரா என் பிரிக்கா" (ஒரு படகுத்துறையை அடைதல்) திரைப்படத்தில், படகில் வரும் நண்பர் குழுவொன்று ஒரு தீவின் துறையில் இறங்க முயன்று மீண்டும் மீண்டும் தோற்கிறது. கோடைக்கால நன்னீர்ச் சிங்கி இறால் விருந்து என்னும் சுவீடிய வழக்கம் இதன் பின்புலம்.

1971 இல் தாகே இயக்கிய "எப்பெல்கிரீகெட்" (ஆப்பிள் போர்) திரைப்படத்தில், செருமானிய வணிகர் ஒருவர் தென் சுவீடனின் நாட்டுப்புறத்தில் பெரிய கேளிக்கைப் பூங்கா அமைக்க முற்படுகிறார். உள்ளூர்க் குடும்பமொன்று மந்திர ஆற்றலைக் கொண்டு அதனை எதிர்க்கிறது. இப்படத்திற்காகக் கவிஞர் எவெர்ட் தௌபெ (1890–1976) எழுதிய "எங்லாமார்க்" என்ற பாடல், பின்னர் இயற்கைப் பாதுகாப்பின் அடையாளமாகவே கருதப்பட்டது.

நிகழ்தகவு பற்றிய தனியுரை

மார்ச் 28, 1979 அன்று ஐக்கிய அமெரிக்காவின் ஹாரிசுபர்க் நகருக்கு அருகிலுள்ள திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அணுவுலையின் ஒரு பகுதி உருகியது. அத்தகைய விபத்து நேர வாய்ப்பே இல்லை என்னும் அளவுக்கு நிகழ்தகவு குறைவு என அதுவரை கூறப்பட்டு வந்தது. சுவீடனிலும் அணுவாற்றல் குறித்த விவாதம் தீவிரமடைந்து, பொது வாக்கெடுப்பு நடத்துவதென முடிவாகியது.

இச்சூழலில், 1979 இல் தொடங்கிய "உண்டெர் டுப்பெல்யோக்கென்" (இரட்டைக் குயிலின் கீழ்) ரெவ்யூவில் தாகே நிகழ்தகவைப் பற்றித் தனியுரை நிகழ்த்தினார். அதில் அவர் அணுவாற்றலை நேரடியாகத் தாக்கவில்லை. வல்லுநர்களின் சொற்களை முழுமையாக நம்பும் எளிய மனிதனைப் போல, அவர்களது தருக்கத்தையே படிப்படியாகப் பின்தொடர்ந்தார். நேர இயலாது எனப்பட்ட ஒன்று நேர்ந்துவிட்டால், அது உண்மையில் நேர்ந்ததா என்ற குழப்பத்தில் அத்தருக்கம் முடிகிறது. எதிர்த்தரப்பின் வாதத்தை மறுக்காமல், அதன் இறுதி எல்லைவரை கொண்டு சென்று தானே சரியும்படி விடுவது இந்நகைச்சுவையின் முறையாகும்.

மார்ச் 23, 1980 அன்று நடந்த வாக்கெடுப்பில் மக்கள் முன் மூன்று தெரிவுகள் வைக்கப்பட்டன. பத்து ஆண்டுகளுக்குள் அணுவாற்றலைக் கைவிட வேண்டும் என்ற மூன்றாம் தெரிவைத் தாகே ஆதரித்தார். அது 38.7 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. படிப்படியாகக் கைவிடலாம் என்ற இரண்டாம் தெரிவு 39.1 விழுக்காட்டுடன் முன்னணியில் நின்றது. ஏப்ரல் 1986 இல் செர்னோபில் விபத்து நேர்ந்தபோது, சோவியத் ஒன்றியத்திற்கு வெளியே அதனை முதலில் கண்டுணர்ந்த இடங்களுள் ஒன்று சுவீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையமாகும். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே தாகே மறைந்துவிட்டார்.

கார்ல்-பெர்ட்டில் யோன்சனின் கிறித்துமசு

தாகே எழுதிய இக்கதை 1975 இல் பெர் ஓலின் இயக்கத்தில் அசைவூட்டப் படமாக வந்தது. பல்பொருள் அங்காடி உரிமையாளரின் மகனான கார்ல்-பெர்ட்டில், கிறித்துமசு காலத்தில் அஞ்சலகத்தில் பொதிகளைப் பிரிக்கும் வேலை செய்கிறான். இராபின் ஊட்டை வழிகாட்டியாகக் கொண்ட அச்சிறுவன், செல்வர்களுக்கு வந்த பொதிகளை எடுத்து ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறான். யார் செல்வர் என்பதை, மக்களின் வருமானத்தைப் பட்டியலிடும் வரிப் புத்தகத்தைப் பார்த்து அறிந்துகொள்கிறான். சினமுற்ற தந்தை, பொதிகளைப் பெற்றவர்களிடம் செல்கிறார். அவர்களின் மகிழ்ச்சியைக் கண்டு மனம் மாறுகிறார். கதையைச் சொல்லும் குரல் தாகேயுடையது. சுவீடியத் தொலைக்காட்சி இப்படத்தை ஆண்டுதோறும் கிறித்துமசுக்கு முந்தைய நாளில் ஒளிபரப்பி வருகிறது.

பிற்காலம்

1980களில் இருவரும் தனித்தனியாகவும் திரைப்படங்களை இயக்கினர். ஹாசேயின் "டென் என்பால்டிகெ மோர்டாரென்" (எளிய மனம் கொண்ட கொலைகாரன், 1982) நகைச்சுவைப் படமன்று; தொழிற்சாலை உரிமையாளரின் கொடுமைக்கு ஆளான ஓர் இளைஞனின் துயரக் கதையாகும். இதில் நடித்த ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கோர்ட் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி விருதைப் பெற்றார். தாகே, ஆசுட்ரிட் லிண்ட்கிரென் எழுதிய சிறுவர் புதினமான "ரோன்யா"வை 1984 இல் படமாக்கினார். அதற்கு அடுத்த ஆண்டு அவர் புற்றுநோயால் காலமானார். ஹாசே தொடர்ந்து எழுதியும் நடித்தும் வந்தார். 1992 முதல் 1994 வரை இசுட்டாக்கோமிலுள்ள ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தின் தலைவராகவும் இருந்தார்.

தாக்கம்

1969 வரை சுவீடனில் ஒரே ஒரு தொலைக்காட்சி அலைவரிசையே இருந்தது. எனவே ஒரே நகைச்சுவையை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கேட்டுச் சிரித்து, மறுநாள் அதைப் பற்றி விவாதிக்கும் நிலை நிலவியது. இவர்களது செல்வாக்குக்கு இதுவும் ஒரு காரணம். சொல் விளையாட்டையும் வட்டார வழக்கையும் பெரிதும் சார்ந்திருந்தமையால், இவர்களது படைப்புகள் பிற மொழிகளில் அதிகம் அறியப்படவில்லை. எனினும் அதிகாரத்தின் மொழியைக் கூர்ந்து கேட்டு, அதனைச் சினமின்றி அவ்வாறே திருப்பிச் சொல்வதும் ஒரு வகை எதிர்ப்பு என்பதை இவர்களது பணி காட்டுகிறது. நிகழ்தகவு பற்றிய தனியுரை அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.