சொல்லத் தெரியாத நோவு

முதுமையில் நினைவு தேய்ந்து, பெற்ற மகனையே "நீ யாரப்பா?" என்று தாய் வினவும் நிலை மிகவும் துயரமானது. மறதி நோய் விளைக்கும் துன்பங்களுள் எல்லார் கண்ணுக்கும் புலப்படுவது இதுவே. ஆனால் அந்நோய் விளைக்கும் மற்றொரு தீங்கைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மறதி நோயுற்ற முதியவர், அதே வயதுடைய பிற முதியவரைவிட அடிக்கடி மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவராகிறார். அச்சேர்க்கைகளுள் ஒரு பகுதி, உரிய காலத்தில் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியது என்பதே நம் சிந்தனைக்குரியது.

வயது ஏற ஏற வரும் இயல்பான மறதி வேறு. 'டிமென்ஷியா' எனப்படும் மறதி நோய் வேறு. அடுப்பில் வைத்த பாலை மறந்து போவது முன்னது. பொங்கும் பாலைக் கண்டும் செய்வதறியாது நிற்பது பின்னது. மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாகப் பழுதுறுவதால் இது நேர்கின்றது. இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவதை 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் விவரித்தார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்தது. 2023-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பகுதியில் 65 வயதைக் கடந்த 3,019 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2012-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தொடக்கத்தில் அவர்களுள் எவருக்கும் மறதி நோய் இல்லை. நாளடைவில் 494 பேருக்கு வந்தது. இவர்களுள் 86 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நோய் வராதோருள் 59 விழுக்காட்டினரே அவ்வாறு சேர்க்கப்பட்டனர். வயது, பிற நோய்கள் முதலியவற்றால் வரும் வேறுபாட்டை நீக்கிக் கணக்கிட்ட பின்னும், மறதி நோயாளரின் சேர்க்கை 1.4 மடங்காக இருந்தது. முன்கூட்டிய மருத்துவத்தால் தவிர்க்கத்தக்கவை எனக் கருதப்படும் சேர்க்கைகளிலோ அது ஏறக்குறைய 1.8 மடங்கு! அவற்றுள் மூன்றில் இரு பங்கிற்குக் காரணமானவை மூன்றே நோய்கள்: நிமோனியா, இதயத் தளர்ச்சி, சிறுநீர்ப்பாதைத் தொற்று.

இதன் காரணம் யாது? நோவு வந்தால் நாம் வாய்விட்டுச் சொல்கிறோம். மறதி நோயுற்றவருக்கோ அது இயலாது. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் கண்டால், அவர் அதைச் சொல்லாமல் இரவெல்லாம் கூச்சலிடுவார். அல்லது உணவைத் தள்ளிவிட்டு ஒரு மூலையில் சோர்ந்து கிடப்பார். தாகத்தை அறியார், ஆதலால் நீர் குறைகிறது. விழுங்கும் ஆற்றல் குன்றுவதால் உணவு மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா உண்டாகிறது. மாத்திரையை உண்ண மறப்பார். உண்டதை மறந்து மீண்டும் உண்பார். இவ்வாறு, தொடக்கத்தில் எளிதாகத் தீர்க்கக்கூடிய நோய் முற்றிய பின்னரே வெளிப்படுகிறது.

மருத்துவமனையும் இவர்களுக்குப் புதிய இடர்களைக் கொணர்கிறது. அறியாத அறை, அறியாத முகங்கள், கையில் குழாய், உறக்கமற்ற இரவு ஆகியவற்றால் திடீர் மனக்குழப்பம் ஏற்படலாம். இதனை மருத்துவர் 'டெலிரியம்' என்பர். சிலர் குழாயைப் பிடுங்கி எறிவர். சிலர் பேச்சற்றுக் கிடப்பதால் குழப்பம் ஒருவர் கண்ணிலும் படாமலே போகும். இதனைக் குறைக்க இயலும் என்பதை 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டினர். 70 வயதைக் கடந்த 852 நோயாளருள் ஒரு பகுதியினருக்கு, நாளையும் இடத்தையும் நினைவூட்டுதல், நடக்கச் செய்தல், நல்ல உறக்கம், கண்ணாடியும் செவிக்கருவியும் அணிவித்தல், போதிய நீர் ஆகியவற்றை முறையாக அளித்தனர். மற்றவருள் 15 விழுக்காட்டினருக்கு வந்த குழப்பம், இவர்களுள் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது. இங்கிலாந்திலும், உறவினர் உடனிருக்க இயலாது மருத்துவமனையில் சில வாரங்கள் கிடந்து மிகவும் நலிவுற்ற ஜான் ஜெரார்டு என்பவரின் நினைவாக, மறதி நோயாளரைப் பேணுவோர் மருத்துவமனையில் உடன் தங்கும் உரிமைக்காக 2014-ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் எழுந்தது.

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, தலைவியரே, இவற்றினின்று நாம் கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, மறதி நோய் மெல்ல மெல்ல வளர்வது. ஓரிரு நாளில் முதியவரின் போக்கு மாறினால், "மறதி முற்றிவிட்டது" என்று இருந்துவிடலாகாது. உடலில் வேறு நோய் புகுந்திருக்கலாம் எனக் கொண்டு அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, கேட்கட்டும் என்று காத்திராமல், நேரம் வகுத்து நீர் அருந்தத் தருக. இதயம் அல்லது சிறுநீரக நோயுள்ளவர்க்கு அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். நிமிர்ந்து உட்காரச் செய்து, சிறு சிறு கவளமாக உணவூட்டுக. வாயைத் தூய்மையாக வைத்திருங்கள். மாத்திரைப் பொறுப்பு ஒருவர் கையில் இருக்கட்டும். படுக்கையிலிருந்து கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். தடுப்பூசி பற்றியும் மருத்துவரைக் கேளுங்கள்.

மூன்றாவது, உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், பிற நோய்கள், எப்பெயரிட்டு அழைத்தால் அவர் திரும்பிப் பார்ப்பார் என்பன போன்றவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மருத்துவமனை தேவைப்படும்போது அஞ்சித் தயங்கலாகாது. மூச்சுத் திணறல், மார்வலி, எலும்பு முறிவு, உணர்விழப்பு ஆகியவற்றிற்கு வீட்டில் மருந்தில்லை. ஆயின், சேர்த்த பின் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்று இரவும் பகலும் அருகில் இருக்க, மருத்துவமனையாரிடம் இசைவு கேளுங்கள். அச்சுமையை மருமகள் ஒருத்தியின் தலையில் மட்டும் ஏற்றாமல், மகன்களும் மகள்களும் முறை வைத்து ஏற்பதே நியாயம்.

நாம் பேச்சறியாக் குழந்தைகளாக இருந்தபோது, நம் அழுகையின் பொருளைப் பிரித்தறிந்தவர்கள் அவர்கள். பசிக்கு ஓர் அழுகை, நோவுக்கு ஓர் அழுகை என்று கண்டுகொண்டார்கள். இன்று அவர்களுடைய மௌனத்தையும் கூச்சலையும் பிரித்தறிய வேண்டியவர்கள் நாமே.