ஓட்டமும் ஓடுபவரும்: ஓய்வுநேரம் பற்றிய ஒரு சமூக நோக்கு

ஓடுதல் மனிதனது ஆதித் தொழிற்பாடுகளுள் ஒன்று. எனினும், பிழைப்பின் நிர்ப்பந்தமின்றித் தன் விருப்பின்பேரில் நாள்தோறும் சில மைல்கள் ஓடுவதும், அவ்வோட்டத்தைக் கொண்டே தன்னை இன்னாரென இனங்காண்பதும் அண்மைக்கால வரலாற்றின் விளைவுகளாகும். அவ்விளைவு தோன்றியவாற்றையும் அதன் சமூக அடிப்படையையும் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வடவீதியில், நாலந்தாவுக்கு அப்பால் நாவுல அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடி மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், இவ்வழியே மாத்தளைவரை நடந்து வந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அந்நடையில் விருப்புக்கு இடமிருக்கவில்லை. காலனித்துவ இலங்கையில் தபாற்பை சுமந்து ஓடியோர்க்கும் ஓட்டம் கூலியுழைப்பேயாகும். இன்று உடற்பயிற்சிக் கூடங்களிற் பணங்கொடுத்து ஓடப்படும் பொறியின் முன்னோடி, 1818ஆம் ஆண்டளவில் வில்லியம் கியூபிற் என்பார் ஆங்கிலச் சிறைக்கைதிகளுக்கென அமைத்த மிதிசக்கரமே என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆகவே, ஒரே உடலசைவு சமூக உறவுகளுக்கேற்பத் தண்டனையாகவும் கூலியாகவும் இன்பமாகவும் பொருள்படுகின்றது.

1960களின் தொடக்கத்தில் நியூசீலாந்தின் ஓக்லண்ட் நகரில் ஆர்தர் லிடியாட் சாதாரண மக்களை மெதுவோட்டத்திற் பழக்கினார். அதனை நேரிற் கண்ட அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன், 1967இல் அதுபற்றிய நூலொன்றை இணைந்தெழுதி வெளியிட்டார். 1970இல் நடந்த முதலாவது நியூயோர்க் மரதனில் 127 பேர் ஓடத் தொடங்கி, 55 பேரே முடித்தனர். 2024இலோ முடித்தோர் தொகை 55,000ஐத் தாண்டியது. பொஸ்ரன் மரதன் 1972இலேயே பெண்களை முறைப்படி அனுமதித்தது.

ஓட்டம் வாழ்வின் கூறாவது எங்ஙனம்? முதலில் அது நாளின் ஒரு பொழுதைத் தனக்கென ஒதுக்கச் செய்கின்றது. உறக்கமும் உணவும் அதற்கேற்ப மாறுகின்றன. தொடர்ந்த பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியைச் செலுத்த, முன்னர் துன்பமாயிருந்த தூரம் எளிதாகின்றது. பின்னர் உடன் ஓடுவோரின் தோழமையும் அவர்க்கேயுரிய பேச்சும் சேர்கின்றன. சமூகவியலாளர் றொபேட் ஸ்ரெபின்ஸ் 1982இல் இத்தகைய ஈடுபாட்டைத் தீவிர ஓய்வு எனக் கருதி, விடாமுயற்சியையும் அடையாள உணர்வையும் அதன் பண்புகளுட் சேர்த்தார். தமிழிலக்கண மரபிற் கூறுவதாயின், 'ஓடுகிறேன்' என்னும் வினைமுற்று 'ஓடுபவன்' என்னும் வினையாலணையும் பெயராகின்றது. செயல் பெயராகியபின், ஓடாத நாளிலும் அவன் ஓடுபவனே.

இவ்வகையில், இராணுவ வீரரான ஆர். ஜே. கே. கருணானந்தவின் ஓட்டம் கருதத்தக்கது. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தில், ஏனையோர் முடித்தபின்னரும் தனித்தோடி, 29ஆவதாக, இறுதியாக முடித்தார். முதலில் எள்ளிய பார்வையாளர் பின்னர் கரவொலி எழுப்பினர். ஜப்பானியப் பாடநூலிலும் அந்நிகழ்ச்சி இடம்பெற்றது. அவர் போட்டியாளரேயாயினும், வெற்றிக்கான வாய்ப்பு முற்றாக நீங்கிய பின்னரும் எஞ்சிநின்ற ஓட்டமே ஓடுபவன் என்னும் அடையாளத்தின் சாரமாகும்.

எனினும், இவ்வடையாளத்தைத் தனிமனித மனவுறுதியின் விளைவென மட்டும் கொள்வது பூர்சுவாக் கருத்துமுதல்வாதமாகும். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறித்து, லயத்துக்கு மீண்டபின் சமையலையும் பிள்ளை பராமரிப்பையும் ஏற்கும் தோட்டப் பெண்ணுக்கு, ஓடுவதற்கான கால்கள் உள, பொழுதுதான் இல்லை. தேவையின் உழைப்பு முடியுமிடத்திலேயே சுதந்திரத்தின் ஆட்சி தொடங்குகின்றது என்றும், வேலைநாளின் குறைப்பே அதற்கு அடிப்படை நிபந்தனை என்றும் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்குவார்.

இதனால், பொழுதுபோக்கு ஓட்டத்தை வசதிபடைத்தோரின் கேளிக்கையெனப் புறக்கணிப்பதும் பொருந்தாது. கூலிக்கன்றித் தன்பொருட்டுத் தன் உடலை இயக்கும் அனுபவம் மனித ஆளுமையின் மெய்யான விரிவாகும். சிலர்க்கு மட்டும் அது கிட்டுவதே குறை. தம் முன்னோர் சாவை எதிர்கொண்டு நடந்த அதே வீதியில், உழைக்கும் மக்களின் வழித்தோன்றல்கள் விரும்பி ஓடுவதற்குரிய பொழுதைப் பெறுவது, வேலைநேரம், கூலி, வீட்டுழைப்பின் பங்கீடு ஆகியன பற்றிய போராட்டங்களோடு பிரிக்கவியலாதது.