குடியானவர் பத்திரிகைகளும் விளம்பரமும்

வைகைக் கரையிலுள்ள சோழவந்தானின் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. பெயர் பெற்ற சரக்கை உடைய மிராசுதார்களுக்கு, அதைப் பத்திரிகை வாயிலாக வெளியூராருக்கு அறிவித்தால் என்ன என்னும் எண்ணம் உண்டாதல் இயல்பே. அன்றியும், விதை, உரம், பூச்சி மருந்து, பம்பு முதலியவற்றை விற்போரும் குடியானவரை நாடி அதே பத்திரிகைகளில் விளம்பரம் செய்கின்றனர். ஆகவே நம் வட்டாரத்துக் குடியானவர் விளம்பரம் செய்பவராகவும், பிறர் விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுப்பவராகவும் இருவகையிலும் நிற்கிறார். இவ்விரு நிலையையும் கருதி இங்கே சில விஷயங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது கவனிக்கத்தக்கது யாதெனில், நாட்டுப்புறத்தில் விளம்பரம் கண்ணைக் காட்டிலும் காதின் வழியாகவே அதிகம் செல்லுகிறது. 1942-ஆம் ஆண்டில் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தந்திப் பத்திரிகை, பேச்சு வழக்கை ஒட்டிய எளிய நடையால், டீக்கடைகளில் ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்கும் பத்திரிகையாயிற்று. தஞ்சை ஜில்லாவில் 1960-களில் பரவிய ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லைப் பற்றி, திருச்சி வானொலி வாயிலாகவே குடியானவர் மிகுதியும் கேட்டறிந்தனர். அதனால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. ஆகையால் விளம்பரம் எழுதுவோர், அதைப் பிறரிடம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லித் தாம் கேட்டுப் பார்ப்பது நலம். சரக்கின் பெயர், விலை, கிடைக்கும் இடம் ஆகிய மூன்றும் ஒருமுறை கேட்ட மாத்திரத்தில் மனத்தில் நிற்கவில்லையாயின், படம் எவ்வளவு அழகாயிருந்தும் பயன் சிறிதே.

எப்பத்திரிகையில் செய்வது? தினசரி மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும். விவசாயப் பத்திரிகையோ, நடவுக்கும் மருந்தடிக்கும் வேண்டிய குறிப்புகள் உள்ளமையால் வீட்டில் அடுக்கி வைக்கப்பட்டு, பருவம் வரும்போது மறுபடியும் எடுக்கப்படுகிறது. 2007-இல் மாதமிருமுறை இதழாகத் தொடங்கப்பெற்ற பசுமை விகடன் போன்றவற்றிற்கு உள்ள அனுகூலம் இதுவே. பணம் கட்டுமுன், பத்திரிகை எத்தனை பிரதிகள் விற்பனையாகிறது என்பதற்கு அத்தாட்சி கேட்கத் தயங்க வேண்டாம். இதனைத் தணிக்கை செய்வதற்கென்றே 1948 முதல் ஆடிட் பியூரோ ஆப் சர்க்குலேஷன்ஸ் என்னும் ஸ்தாபனம் இருக்கிறது.

பருவம் தவறிய விளம்பரம் வீண் செலவு. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோக நிலங்களுக்கு, அணையிலுள்ள தண்ணீரைப் பொறுத்து, வழக்கமாக ஜூன் மாதத்தில் வாய்க்கால் திறக்கப்படும். இன்ன விதை என்று குடியானவர் முடிவு செய்வது அதற்கு முன்பு. மாதப் பத்திரிகையோ அச்சுக்கு வெகு நாள் முன்னரே விளம்பரங்களைக் கேட்டு வாங்கிவிடும். ஆகவே விதை நெல் விற்போர் பங்குனி முடிவதற்குள் வாசகத்தை அனுப்பிவிட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் விளம்பரம் செய்வது, கல்யாணம் முடிந்தபின் பந்தல் போடுவது போலாம்.

வெற்றிலையின் சங்கதி வேறு. பறித்த இலை விரைவில் வாடிவிடும். ஆதலின் இலையை விற்க விவசாயப் பத்திரிகையை நாடுவதால் லாபம் குறைவு. அதற்குத் தூரத்து ஊர் மண்டி வியாபாரிகள் பார்க்கும் தினசரியே ஏற்றது. நடவுக்குரிய கொடித்துண்டுகளை விற்பவர்க்கு விவசாயப் பத்திரிகை தக்கது. கவுளிக் கணக்கு ஊருக்கு ஊர் மாறுமாகையால், கவுளிக்கு இத்தனை இலை என்று தெளிவாக எழுதுக. இன்னொன்று: புவிசார் குறியீட்டைத் தம் சரக்குக்கு வழங்கும் உரிமை, 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற உபயோகஸ்தருக்கே உண்டு. சென்னைக் கிண்டியிலுள்ள பதிவகத்தில் அவ்வாறு பதிவு செய்துகொண்ட பின்னரே விளம்பரத்தில் அக்குறியீட்டைப் போடுதல் வேண்டும்.

இனி, விளம்பரத்தை நம்பி வாங்குவோர் நிலை. பத்திரிகையின் யோசனைகளை நம்பும் குடியானவர், பக்கத்துப் பத்தியிலுள்ள விளம்பரத்தையும் அதே நம்பிக்கையுடன் பார்க்கிறார். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் 1877-இல் 'பார்ம் ஜர்னல்' பத்திரிகையைத் தொடங்கிய வில்மர் அட்கின்சன், இதை நன்கு உணர்ந்தவர். தம் பத்திரிகையில் விளம்பரம் செய்தவர் மோசக்காரராயின், சந்தாதாரருக்கு நேரிட்ட நஷ்டத்தைத் தாமே ஈடு செய்வதாக 1880 அக்டோபரில் அவர் அறிவித்தார். நம் பத்திரிகைகளும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டால் நன்றாயிருக்கும் என்பது எமது அபிப்பிராயம்.

'ஏக்கருக்கு இருமடங்கு மகசூல்' என்னும் வாசகத்தில் சோதித்தறியக் கூடியது ஒன்றுமில்லை. எந்த நிலத்தில், எதனோடு ஒப்பிட்டு, எந்தப் பருவத்தில் என்பது அதில் இல்லை. ரகத்தின் பெயர், வயது, முளைப்புத் திறன், சோதித்த தேதி, மூட்டையின் எடை, விலை ஆகியவற்றைச் சொல்லும் விளம்பரமே நம்பத்தக்கது. சான்று பெற்ற நெல் விதைக்கு முளைப்புத் திறன் நூற்றுக்கு 80-க்குக் குறையலாகாது; மூட்டையில் நீல நிற அட்டையும் இருக்க வேண்டும்.

வாங்குவோர் விளம்பரத்தைக் கத்தரித்து, ரசீது, அட்டை, கைப்பிடி விதை ஆகியவற்றுடன் அறுவடை வரையில் பத்திரப்படுத்துக. விதை வாங்கிய குடியானவரும் நுகர்வோரே என்று 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பொய் விளம்பரத்திற்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. முளைப்புத் தவறினால், வயலை உழுதுவிடுமுன் வேளாண்மை விரிவாக்க மையத்தாரை அழைத்து வந்து காட்டி, எழுத்து மூலம் அறிக்கை பெறுதல் முக்கியம். கிராம நிர்வாக அலுவலர்கள் இதைத் தம் கிராமத்தாருக்குச் சொல்லி வைக்க வேண்டும். விற்றவர் எவ்வூரினராயினும், வாங்கியவர் தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை.