உர மூட்டையில் இருக்கும் 'சாம்பல் சத்து' உடம்புக்கும் வேணும்!
ஊட்டி உருளைக்கிழங்கில் கொட்டிக் கிடக்கும் பொட்டாசியம்: யார் சாப்பிடலாம்? யார் உஷாராக இருக்கணும்?

ஊட்டி:

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு பொட்டாஷ் மூட்டை புதுசு அல்ல. கவாத்து வெட்டிய செடி மறுபடி துளிர்க்கவும், வறட்சியைத் தாங்கவும் யூரியாவோடு பொட்டாஷையும் கலந்து வீசுவார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று விவசாயிகள் மூன்றாகப் பிரித்துச் சொல்வதில் கடைசியாக வரும் சாம்பல் சத்துதான் இது. டாக்டர்கள் 'பொட்டாசியம் கம்மியாக இருக்கு' என்று சொல்கிறார்களே, அதுவும் இதேதான்.

அந்தக் காலத்தில் மரம், செடிகளை எரித்து, சாம்பலை பானைத் தண்ணீரில் கரைத்து வடித்துத்தான் இந்த உப்பை எடுத்தார்கள். அதனால் இங்கிலீஷில் 'பானைச் சாம்பல்' என்ற அர்த்தத்தில் பொட்டாஷ் என்று பெயர் வந்தது. தமிழில் சாம்பல் சத்து ஆனது.

உரத்தை யாரும் தின்ன முடியாது. ஆனால் மண்ணில் போட்ட சாம்பல் சத்தை செடி உறிஞ்சி இலையிலும், கிழங்கிலும், காயிலும் சேர்த்து வைக்கிறது. அதை நாம் சாப்பிடுகிறோம். அதற்கு தினமும் இளநீர் குடிக்க வேண்டுமா, மெடிக்கல் ஷாப்பில் டானிக் வாங்க வேண்டுமா என்று பலர் குழம்புகிறார்கள். நீலகிரியில் இருப்பவர்களுக்கு ரெண்டுமே தேவைப்படாது.

உப்புக்கு எதிரி

சோறு, குழம்பு, கருவாடு, ஊறுகாய் என்று நாம் சேர்க்கும் உப்பில் இருப்பது சோடியம். இது உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றி விடும். பொட்டாசியம் அதற்கு நேர் எதிர் வேலை செய்கிறது. கூடுதல் சோடியத்தை சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. ரத்தக் குழாயின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. இதயம் தாளம் தப்பாமல் துடிப்பதும், கை, கால் சதை சுருங்கி விரிவதும் இதன் தயவில்தான். அளவு ரொம்பக் குறைந்தால் அசதி, சதை பலவீனம், மலச்சிக்கல் வரும். இதயத் துடிப்பிலும் கோளாறு ஏற்படலாம்.

ராத்திரி கெண்டைக்கால் சதை பிடித்தால் 'பொட்டாசியம் இல்லை' என்று வாழைப்பழத்தைத் தேடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் அது இல்லை. நாள் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் நின்று கொழுந்து பறித்த காலுக்கு சும்மா இருந்தாலே பிடிப்பு வரும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு குறைந்தது 3,510 மில்லி கிராம் பொட்டாசியம் உணவில் இருந்து கிடைக்க வேண்டும் என்று 2012-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் நாட்டில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவும் கிட்டத்தட்ட இதேதான், 3,500 மி.கி.

சல்லிவன் கொண்டு வந்த கிழங்கு

1820-களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன்தான் ஊட்டியில் உருளைக்கிழங்கு உள்பட இங்கிலீஷ் காய்கறிகளுக்கு வழி போட்டவர். இன்றைக்கும் மேட்டுப்பாளையம் மண்டிகளில் 'ஊட்டி கிழங்கு' என்றால் தனி மவுசு. ஊட்டி அருகே முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. நூற்புழுவைத் தாங்கும் குப்ரி சுவர்ணா ரகம் நீலகிரிக்காகவே வந்தது.

இந்தக் கிழங்கு 100 கிராமில் சுமார் 400 மி.கி. பொட்டாசியம் உண்டு. வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு 350 மி.கி.தான். பெயர் வாங்குவது வாழைப்பழம், வேலை செய்வது கிழங்கு!

ஆனால் சமையலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பொட்டாசியம் தண்ணீரில் கரையும். தோலைச் சீவி, துண்டு துண்டாக வெட்டி, நிறைய தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பாதி சத்து சாக்கடைக்குப் போய்விடும். அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், சின்ன துண்டுகளாக்கி வேக வைத்ததில் ஏறக்குறைய பாதியும், துருவி வேக வைத்ததில் முக்கால் பங்கும் போய்விட்டது தெரிந்தது. மண் போகக் கழுவி, தோலோடு முழுசாக வேக வைத்து, அப்புறம் உரித்தால் சேதாரம் ரொம்பக் குறைவு. குழம்பில் போட்டால் இன்னும் நல்லது. கரைந்தது குழம்பிலேயே நிற்கும். பச்சை பிடித்த, முளை விட்ட கிழங்கை மட்டும் தொடாதீங்க. அதில் நச்சுப் பொருள் சேர்ந்திருக்கும்.

ரேஷனில் வந்த ராகி

மலையில் ஒரு காலத்தில் ராகியும் சாமையும்தான் பிரதான சாப்பாடு. பிறகு தேயிலை வந்தது, தானியம் விளைந்த மேடு சுருங்கியது, ரேஷன் அரிசி தட்டுக்கு வந்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். பசி தீர்ந்தது பெரிய விஷயம். ஆனால் அரிசியில் பொட்டாசியம் கம்மி. 100 கிராம் அரிசியில் 110 மி.கி. அளவுக்குத்தான் இருக்கிறது. கஞ்சியை வடித்தால் அதிலும் ஒரு பங்கு போச்சு.

அதே 100 கிராம் ராகியில் சுமார் 440 மி.கி. இருக்கிறது. அதாவது நாலு மடங்கு. நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வாங்கிக் கொள்ளும் திட்டத்தை 2023 மே மாதம் தமிழக அரசு தொடங்கியது. 'ராகியை யார் கிண்டுவது' என்று அலுத்துக் கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

லைன் வீட்டுக் கொல்லையில்...

தோட்டத்து லைன் வீடுகளின் பின்பக்கம் பந்தலில் தொங்கும் மேரக்காயில் பொட்டாசியம் கம்மிதான், 100 கிராமுக்கு 125 மி.கி. கேரட், பீட்ரூட்டில் 300-ஐத் தாண்டும். தாட்பூட் பழத்திலும் அப்படியே. குன்னூர், பர்லியார் பக்கம் விளையும் பட்டர் புரூட்டில் 480 மி.கி. வரை உண்டு. கீரைகளில் 500-க்கும் மேல். பட்டர் பீன்ஸ், பருப்பு, பயறு எல்லாமே நல்ல ரகம். துவரம்பருப்பு 50 கிராம் போட்டாலே 600 மி.கி. கிடைத்துவிடும்.

கீரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தேயிலைச் செடிக்கு நடுவே தானாக முளைக்கும் கீரையைப் பறிப்பவர்கள், அங்கே களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரிக்காமல் பறிக்கக் கூடாது.

இளநீரும் நல்லதுதான், ஒரு காயில் 500 மி.கி. அளவுக்கு இருக்கும். ஆனால் மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ஏறும்போது அதன் விலையும் சேர்ந்து ஏறி விடுகிறது. அந்தக் காசுக்கு கிழங்கு வாங்கினால் வீட்டில் எல்லாரும் சாப்பிடலாம்.

ஒரு நாள் கணக்கு

ஒரு தோட்டத் தொழிலாளி குடும்பத்தில் ஒருவர் சாப்பிடுவதாக வைத்துக் கொள்வோம். 100 கிராம் ராகிக் களி 440. கஞ்சி வடிக்காமல் வைத்த 300 கிராம் அரிசிச் சோறு 300. பருப்பு 600. இரண்டு நடுத்தர உருளைக்கிழங்கு 750. ஒரு கைப்பிடிக் கட்டு கீரை 500. தக்காளி, வெங்காயம் 200. ரெண்டு சின்ன வாழைப்பழம் 400. மூணு டம்ளர் பால் டீ 300. கூட்டினால் 3,490 மி.கி. வந்து விடுகிறது. இதில் டானிக்கும் இல்லை, இளநீரும் இல்லை.

டீ எப்படி கணக்கில் வந்தது என்று கேட்கலாம். டிக்காஷனில் கொஞ்சம், பாலில் அதைவிடக் கூடுதலாக பொட்டாசியம் உண்டு. கூட கடிக்கும் வர்க்கியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மைதாவும் கொழுப்பும் சேர்ந்த பண்டம், ருசிக்குத்தான்.

இந்துப்பு கதை

பி.பி. இருப்பவர்கள் இந்துப்புக்கு மாறினால் போதும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. இந்துப்பும் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் உப்புதான். கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பது வேறு. அதில் ஒரு பங்குக்கு பொட்டாசியம் உப்பைக் கலந்திருப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21 ஆயிரம் பேரிடம் இப்படி கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்ததில், பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவு வெளியானது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இந்த உப்புக்கு பரிந்துரை கொடுத்தது. ஆனால் கிட்னி நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

வயிற்றுப்போக்கு வந்தால்

வாந்தி, பேதியில் பொட்டாசியம் வேகமாக வெளியேறும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் கலக்கும் உப்பு, சர்க்கரை தண்ணீரில் இது இல்லை. பாக்கெட் கையில் இல்லாத நேரத்தில் அந்தத் தண்ணீரோடு வாழைப்பழமோ, பருப்புத் தண்ணீரோ கொடுப்பது நல்லது.

கிட்னி கோளாறா? நிறுத்துங்க!

இதுவரை படித்தது எல்லாம் கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கு. கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றும் முக்கிய வேலை கிட்னியுடையது. அது பழுதானால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். பல நேரம் அறிகுறியே தெரியாது. திடீரென்று இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து வரலாம். ரத்தப் பரிசோதனையில் 3.5 முதல் 5 வரை இருந்தால் சரியான அளவு.

சர்க்கரையும் பி.பி.யும் பல வருஷமாக இருப்பவர்கள், கிட்னி எப்படி இருக்கிறது என்று பரிசோதித்துப் பார்க்காமல் 'பொட்டாசியம் நல்லது' என்று இறங்கக் கூடாது. மாத்திரைகளும் விளையாடும். பி.பி.க்குத் தரும் எனாலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன், இதய நோயாளிகளுக்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன் போன்றவை பொட்டாசியத்தை ஏற்றும். நீர் பிரிய கொடுக்கும் பியூரோசமைடு போன்றவை இறக்கும். அதற்காக பயந்து மாத்திரையை நிறுத்தி விடக் கூடாது. சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி, எந்த உப்பு, எந்தக் காய் என்று கேட்டுக் கொள்வதே சரி. பொட்டாசியம் சிரப், மாத்திரை எதுவும் சொந்தமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

டயாலிசிஸ் செய்து கொள்ளும் பாட்டியும், கொழுந்து பறிக்கப் போகும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தால் கிழங்கை ரெண்டு விதமாக சமைக்க வேண்டி வரும். மருமகளுக்கு தோலோடு வேக வைத்த கிழங்கு. பாட்டிக்கு கிழங்கு கொடுக்கலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தால், தோலைச் சீவி, பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு கொஞ்சமாகக் கொடுக்கணும். வெறும் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்தால் மட்டும் பொட்டாசியம் பெரிதாகக் குறையாது, கட்டாயம் கொதிக்க வைத்து வடிக்கணும். வடித்த தண்ணீரை ரசத்திலோ, குழம்பிலோ ஊற்றி பாட்டிக்குக் கொடுத்து விடாதீங்க.